தொப்பிக்குள் இருந்த பாலக் காவலன்

மார்ச் ஒன்பதாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினோரு மணியளவில், நாற்சந்தியை ஒட்டிய கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்த கடைக்காரரின் இடது காது வானவில் நிறத்தில் மின்னத் தொடங்கியது. வலியோ அரிப்போ இல்லை. காதின் மேல் வளைவில் தொடங்கிய மினுப்பு மதியச் சாப்பாட்டுக்குள் மடல் வரை இறங்கிவிட்டது. தலையை ஒரு பக்கம் சாய்த்தால் பச்சை தெரிந்தது, மறுபக்கம் சாய்த்தால் ஊதா. கடையின் நான்கு சுவர்களிலும் முகம் பார்க்கும் கண்ணாடிகள் இருந்ததால் அதைப் பார்க்காமல் இருக்க அவருக்கு வழியில்லை. ஃபிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு வாடிக்கையாளர், "காதுக்கும் கோட்டிங் போட ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். கண்ணாடிக்காரர் சிரித்துவைத்தார். சிரித்தபோது காது இன்னும் கொஞ்சம் மின்னியது.

அதற்குக் கால் மணி நேரம் முன்புதான் அவருடைய சகலை, அதாவது மனைவியின் தங்கை கணவர், கடைக்கு வந்து தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருந்தார். சகலை போக்குவரத்துப் போலீஸ்காரர். கடை வாசலிலிருந்து பார்த்தால் தெரிகிற அதே நாற்சந்தியில் பல வருடங்களாக நின்று வண்டிகளை நிறுத்தியும் அனுப்பியும் வந்தார். சிக்னல் விளக்கு இல்லாத சந்திப்பு அது. அவர் கையைத் தூக்கினால் மணல் லாரிகூட முனகிக்கொண்டு நின்றுவிடும் என்பதால் அக்கம்பக்கத்தில் அவருக்கு 'பிரேக்' என்று பெயர். அன்று அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். தொப்பியின் உள்பட்டைக்குள் செருகியிருந்த ஒரு சிறிய அட்டையை எடுத்துக் காட்டி, "பாத்தீங்களா சகலை, வெயில்ல நின்னு நின்னு நம்ம ஆளும் மங்கிட்டான்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கண்ணாடிக்காரர் அட்டையைப் பார்க்காமல், "வெயில் அப்படி" என்றார். அதைச் சொன்ன பிறகுதான் காது தொடங்கியது.

அட்டை என்றது சீட்டுக்கட்டு அட்டை அல்ல. டிராகன்களும் மந்திரவாதிகளும் மோதிக்கொள்ளும் ஒரு கற்பனை விளையாட்டின் கார்டு. அந்தக் கார்டுகள் மூடிய பாக்கெட்டில் வரும்; உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தால்தான் தெரியும். பாக்கெட்டுக்கு ஒன்று அரிய கார்டு. மற்றதெல்லாம் எலிக்கூட்டம், விறகுவெட்டி, சேற்றுப் பூதம், கூலிக்கு வந்த ஈட்டிக்காரன் என்று சாதாரணங்கள். விளையாடுகிறவர்கள் அரியதை எடுத்துக்கொண்டு சாதாரணங்களைக் கடை மேசையிலேயே விட்டுவிட்டுப் போவார்கள். எப்போதாவது ஒரு பாக்கெட்டில் அந்தச் சாதாரணமே ஒரு மெல்லிய ஃபாயில் படலத்தோடு அச்சாகி வரும். அதே படம், அதே பெயர், அதே பலம். சாய்த்துப் பார்த்தால் மின்னும், அவ்வளவுதான். டிராகன் மின்னுவதில் பெரிய விஷயம் ஒன்றுமில்லை, அதற்கு மின்னத்தான் வேண்டும். விறகுவெட்டி மின்னுவதைத்தான் கண்ணாடிக்காரர் சேர்த்தார்.

இது தொடங்கியது ஆறு வருடம் முன்பு. யாரோ பழைய கண்ணாடி டப்பாவுக்குள் மறந்துவிட்டுப் போன எலிக்கூட்டம் ஒன்றை அவர் மேசை விளக்கடியில் சாய்த்துப் பார்த்தார். தொழிலே பூச்சு தொடர்பானது என்பதால் ஒளி எந்த அடுக்கில் உடைகிறது என்று பார்க்கத்தான் சாய்த்தார். படத்தில் இருந்த ஒவ்வொரு எலியின் முதுகிலும் தனித்தனியாக வெளிச்சம் ஓடியது. யாரும் ஒரு முறைக்கு மேல் பார்க்காத எலிகளுக்கு யாரோ இவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள் என்பது அவரை அன்று முழுவதும் வேலைசெய்ய விடவில்லை. அடுத்த வாரம் இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளி இருந்த கார்டுக் கடைக்குப் போனார். அங்கே மேசைகளில் இருந்தவர்கள் எல்லாரும் அவர் வயதில் பாதி. 'அங்கிள், கொஞ்சம் நகருங்க' என்றார்கள். கல்லாவில் இருந்த அம்மாள் யாருக்கு என்று கேட்டபோது, "பையனுக்கு" என்றார். அவருக்கு இருந்தது வெளியூரில் வேலைபார்க்கும் ஒரே மகள். அன்று முதல் அந்தக் கடையில் அவருடைய இல்லாத பையன் வளரத் தொடங்கினான். ஒவ்வொரு வருடமும் அவன் எத்தனையாவது என்று அந்த அம்மாள் கேட்பார், இவரும் சொல்லுவார். இந்தக் கதை நடந்த வருடம் அவன் பத்தாம் வகுப்பு.

கார்டுகளை அவர் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. கடையின் பின்னறையில் லென்ஸ் அலமாரியின் அடி இழுப்பறை, மைனஸ் பதினாறு பவருக்கானது. அந்த ஊரில் அவ்வளவு பார்வைக் குறைவு யாருக்கும் இல்லை. ஆல்பம் அதில் இருந்தது. ஃபாயில் கார்டுக்கு ஒரு குணம் உண்டு. காற்றில் ஈரம் ஏறினால் காகிதப் பக்கம் ஊறும், படலப் பக்கம் ஊறாது. கார்டு வில்லாக வளைந்துவிடும். அதனால் லென்ஸ் பெட்டிகளில் வரும் ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலங்களைச் சேர்த்து இழுப்பறையில் பரப்பியிருந்தார். மனைவி ஒருமுறை இழுப்பறையைத் திறக்கப் போனபோது, "அது சாம்பிள், தொடாத" என்றார். நாற்பத்தெட்டு வயதில், பற்று வரவு சுத்தமாக வைத்திருக்கிற, கண்ணாடி வியாபாரிகள் சங்கத்தில் துணைத்தலைவராக இருக்கிற ஒரு மனிதர் படம் போட்ட கார்டு சேர்க்கிறார் என்பதை எந்த வாயால் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

ஆல்பத்தில் நூற்றொரு உறைகள். நூறு நிரம்பிவிட்டன. மிச்சம் இருந்தது பாலக் காவலன். விளையாட்டிலேயே பலம் குறைந்த கார்டு அது. எதிராளியை ஒரு சுற்று தாமதப்படுத்தும், பிறகு செத்துப்போகும். வைத்துக்கொள்ள யாரும் நினைக்காததால் அதன் ஃபாயில் பிரதிகள் குப்பைக்குப் போய், இருக்கிற இடம் தெரியாமல் அருகிவிட்டன. அப்படிப்பட்ட ஒன்றைத்தான் பிப்ரவரி நடுவில் சகலை தண்ணீர் குடிக்க வந்தபோது தொப்பியிலிருந்து எடுத்துக் காட்டினார். டிசம்பரில் சாலைத் தடுப்பின் ஓரம் கிடந்ததாம். படத்தில் ஒரு ஒல்லியான ஆள் பாலத்தின் நடுவில் நின்று ஒரு கையைத் தூக்கியிருக்கிறான். அவன் முன்னே ஒரு டிராகன். டிராகனுக்குப் பின்னால் மாட்டுவண்டிகள் வரிசை.

"நம்ம டிபார்ட்மெண்ட் ஆளு சகலை. டிராகனையே நிறுத்திட்டான் பாருங்க. லைசென்ஸ் கேக்குறான்னு நினைக்கிறேன்."

கண்ணாடிக்காரர் அட்டையை வாங்கிச் சாய்த்துப் பார்த்தார். அந்தக் கார்டு போலீஸ்காரரின் தலையின் வடிவத்துக்கு வளைந்து, வியர்வையில் ஓரம் நைந்து, அப்படியும் மின்னியது. அப்போது கேட்டிருந்தால் சகலை கொடுத்திருப்பார். 'எனக்குக் குடுங்க சகலை' என்று மூன்று சொல் போதும். ஆனால் அடுத்த கேள்வி எதுக்கு என்று வரும். அதற்குப் பதில் சொன்னால் அந்த வாரமே அது சகலையின் மனைவி இளையவளுக்குப் போகும், அவளிடமிருந்து அக்கா மூத்தவளுக்கு வரும், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டில் எல்லார் தட்டிலும் பரிமாறப்படும். கேட்க வெட்கப்பட்டவர் திருடுவதற்கு வெட்கப்படவில்லை. இந்த ஊரில் அதற்கு முன்பும் பல காரியங்கள் இப்படித்தான் நடந்திருக்கின்றன.

கார்டுக் கடை மேசையில் கைவிடப்பட்டுக் கிடந்த குவியலிலிருந்து மினுப்பில்லாத பாலக் காவலன் ஒன்றை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூன்று வாரம் அது பையில் இருந்தது. அவருக்கு ஒரு நியாயமும் கிடைத்திருந்தது. ஆட்ட விதிப்படி ஃபாயில் கார்டும் சாதாரணக் கார்டும் ஒன்றே. ஒன்று இருக்கும் இடத்தில் இன்னொன்றை வைத்தால் எதிராளி ஆட்சேபிக்க முடியாது. விதிப் புத்தகத்தில் அது தெளிவாக இருக்கிறது. காவலன் போகவில்லை, காவலன் இருக்கத்தான் போகிறான் என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த விதிப் புத்தகத்தைப் படிக்காத ஒருவருக்கு இப்படி ஒரு யோசனை வந்திருக்காது.

மார்ச் ஏழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை சகலை குடும்பம் சாப்பிட வந்திருந்தது. தொப்பி கூடத்து ஆணியில் தொங்கியது. எல்லாரும் பின்பக்கம் தண்ணீர் மோட்டார் ஏன் சத்தம் போடுகிறது என்று பார்க்கப் போன நேரத்தில் மாற்றிவிட்டார். ஒரு சட்டைப் பித்தான் போடும் நேரம்கூட ஆகவில்லை. திரும்பினால் கதவோரம் கொழுந்தியாள் நின்றிருந்தாள்.

"என்ன அத்தான், தொப்பி போட்டுப் பாக்கணும்னு ஆசையா? போட்டுக்கங்க. நாங்க யாரும் சிரிக்க மாட்டோம்."

வேறு வழியில்லாமல் போட்டுக்கொண்டார். எல்லாரும் வந்து சிரித்தார்கள். சகலைதான் அதிகம் சிரித்தார். ஒரு சல்யூட் வேறு அடித்தார்.

மினுப்பு அதன் பிறகு நின்ற இடத்தில் நிற்கவில்லை. ஏப்ரலில் கழுத்து, மே மாதம் வலது தோள், ஜூனில் இரண்டு கைகளும். சருமத்துக்கான டாக்டர் பெரிய விளக்கைப் போட்டுப் பார்த்தார், சுரண்டிப் பார்த்தார், ஒரு களிம்பு எழுதினார். பிறகு எழுதியதை அடித்துவிட்டு, "வியாதி மாதிரி தெரியல. பிரிண்ட் மாதிரி இருக்கு" என்றார். மனைவி முதலில் தலைச்சாயம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தாள். சாயத்தை நிறுத்தியும் போகாததால் அதை ஏற்றுக்கொண்டு, சட்டை வாங்கும்போது அடக்கமான நிறமாகப் பார்த்து வாங்கினாள். கடையில் கூட்டம் கூடியது. மின்னுகிறவர் கையால் கண்ணாடி மாட்டிக்கொண்டால் பார்வை தெளிகிறது என்று யாரோ சொல்லி, அது நாலு தெரு போயிருந்தது. பேக்கரித் திறப்புக்குக் கூப்பிட்டார்கள், பல் ஆஸ்பத்திரித் திறப்புக்குக் கூப்பிட்டார்கள். சங்கம் அவரைத் தலைவராக்கியது. மேடையில் ஒவ்வொருவரும் பாராட்டப் பாராட்ட அவர் இன்னும் ஒரு விரற்கடை மின்னினார். வெட்கத்தில் சிலருக்கு முகம் சிவக்கும். இவருக்கு இப்படி. அது பாராட்டின் மகிமை என்று கூட்டம் நினைத்தது. மழை மாதங்களில் காற்றில் ஈரம் ஏறியதும் அவர் முதுகு முன்பக்கமாக வில்போல் வளைந்தது, நிமிர்த்தினாலும் நிற்கவில்லை. "இவ்வளவு மின்னியும் என்ன பணிவு பாருங்க" என்று பேக்கரிக்காரர் ஒலிபெருக்கியிலேயே சொன்னார்.

அதே மாதங்களில் எதிரே நாற்சந்தியில் போலீஸ்காரர் மங்கிக்கொண்டிருந்தார். முதலில் அவருடைய பட்டைபோட்ட மேலங்கி, வண்டி விளக்கு பட்டால் பளிச்சென்று தெரிய வேண்டியது, தெரியவில்லை. புதிதாக வாங்கிக் கொடுத்தார்கள்; அதுவும் அவர் உடம்பில் ஏறியதும் அணைந்தது. பிறகு வங்கியின் தானியங்கிக் கதவு அவருக்குத் திறக்கவில்லை. ஸ்டேஷன் குரூப் போட்டோவில் அவர் நின்ற இடத்தில் பின்சுவர் தெரிந்தது, கீழே பெயர் சரியாக இருந்தது. ஆள் என்னவோ அப்படியேதான் இருந்தார். அதே உயரம், அதே மீசை, அதே குரல். எதுவும் குறையவில்லை என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள். பார்வை அவர்மேல் நிற்கவில்லை, வழுக்கிக்கொண்டு அடுத்ததற்குப் போய்விட்டது, அவ்வளவுதான். இளையவள் ஒருநாள் சாப்பாட்டுக்குத் தட்டு வைத்தபோது ஒரு தட்டு குறைத்து வைத்துவிட்டாள். அவர் எழுந்துபோய்த் தன் தட்டைத் தானே எடுத்துவந்தார். அதைப் பார்த்தபிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது.

சந்திப்பில் அவர் கையைத் தூக்கினால் முதலில் இருசக்கர வண்டிகள் நிற்காமல் போயின. வழக்கமாகவே நிற்காதவர்கள் என்பதால் யாரும் கவனிக்கவில்லை. அப்புறம் கார்கள். விசில் அடித்தால் எல்லாரும் சுற்றும்முற்றும் பார்த்தார்கள், விசில் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் வேகத்தைக் கூட்டினார்கள். கண்ணாடிக்காரர் கடைக்குள் நின்று இதையெல்லாம் பார்த்தார். காலையில் ஷட்டரைத் தூக்கியதும் அவர் முதலில் தேடுவது அந்தக் காக்கிச் சட்டையை. தேடவேண்டியிருந்தது. பதினைந்து வருடமாக ஒரே இடத்தில் நிற்கும் ஆளைக் கண் அங்கே போய்ப் போய்த் தவறவிட்டது.

ஆகஸ்டில் கொழுந்தியாள் கடைக்கு வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"அத்தான், இப்ப உங்க பேச்சுக்கு எல்லாரும் மரியாதை குடுக்கிறாங்க. இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லி அவர ஆபீஸ் வேலைக்கு மாத்தச் சொல்லுங்க. ரோட்ல நின்னா என்னைக்காவது ஒருநாள் ஏத்திருவானுங்க. வேணும்னு ஏத்த மாட்டானுங்க, தெரியாமலே ஏத்திருவானுங்க."

"சொல்றேம்மா."

"இன்னைக்கே சொல்லுங்க. உங்களத்தான் நம்பி வந்திருக்கேன்."

அப்போது மினுப்பு அவர் தாடை வரை ஏறியது. அவள் அதைப் பார்த்து, உங்களுக்காவது நல்லது நடக்குதே என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் அன்றே ஸ்டேஷனுக்குப் போனார். இன்ஸ்பெக்டர் எழுந்து கைகொடுத்து, நாற்காலி போட்டு, டீ வரவழைத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "தாராளமா மாத்திரலாம் சார். ஆனா அவர் லீவுலதானே இருக்காரு? பாத்தே ரொம்ப நாளாச்சு. வரட்டும், நேர்ல பாத்து ஆர்டர் போட்டுக் குடுத்திடறேன்" என்றார். போலீஸ்காரர் அந்தக் கதவோரத்திலேயே சல்யூட் அடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கண்ணாடிக்காரர் கையை நீட்டிக் காட்டினார். இன்ஸ்பெக்டர் அந்தத் திசையில் பார்த்து, "ஆமா, பெயிண்ட் அடிக்கணும், போன வருஷமே எழுதிப் போட்டேன்" என்றார். இருவரும் வெளியே வந்தபோது சகலை, "டீ நல்லாருந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றைக்கே கார்டைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். இழுப்பறையைத் திறந்து ஆல்பத்தை எடுத்து மேசையில் வைத்தவர், கடைசி உறையில் வளைந்துகிடந்த காவலனைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் இருந்தார். கொடுப்பதென்றால் எடுத்ததைச் சொல்ல வேண்டும். சங்கத் தலைவராகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஆல்பத்தைத் திரும்ப உள்ளே வைத்தார். செப்டம்பர் அப்படியே போயிற்று.

அக்டோபரில் ஒரு புதன்கிழமை அந்தி நேரத்தில் பால் வேன் ஒன்று போலீஸ்காரரை இடித்துத் தள்ளியது. கழுத்துப்பட்டை எலும்பும் இரண்டு விலா எலும்புகளும் முறிந்தன. வேன் டிரைவர் குடிக்காதவர், நிதானமாக ஓட்டுகிறவர். கடைவாசல் படியில் உட்கார்ந்து, "கை காட்டினாருன்னு எல்லாரும் சொல்றாங்க. நான் ரோட்டத்தான் பாத்துக்கிட்டு வந்தேன். ரோடு காலியா இருந்துச்சு. சத்தியமா காலியா இருந்துச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவர் சொன்னது உண்மை என்று தெரிந்த ஒரே ஆள் அவருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் போலீஸ்காரரின் படுக்கையை இரண்டு முறை காலி என்று நினைத்து வேறு நோயாளிக்குக் கொடுத்துவிட்டார்கள். இளையவள் கட்டில் கம்பியில் சிவப்புத் துண்டு ஒன்றைக் கட்டிவைத்து, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் பார்வையாளர் நேரத்தில் கண்ணாடிக்காரர் சட்டைப்பையில் ஃபாயில் காவலனோடு போனார். அப்போதும் சொல்லும் எண்ணம் இல்லை. எடுத்ததுபோலவே வைத்துவிட்டு வந்துவிடலாம் என்றுதான் போனார். இளையவள் மருந்து வாங்கப் போயிருந்தாள். போலீஸ்காரர் கண்ணை மூடிப் படுத்திருந்தார். தொப்பி கட்டிலோரச் சிறு அலமாரியின் மேல் இருந்தது. இவர் உள்பட்டைக்குள் விரலை விட்டார்.

"நேரா இருக்கிறவன எடுத்துட்டு வளைஞ்சவன வைக்கிறீங்களா சகலை?"

கண் மூடியபடியே இருந்தது. கண்ணாடிக்காரரின் கை தொப்பிக்குள்ளேயே நின்றது. "எப்பத் தெரியும்?" என்றார்.

"அன்னைக்குச் சாயங்காலமே. தொப்பியப் போட்டதும் தெரிஞ்சுது. அவன் மூணு மாசம் என் தலையோட வளைஞ்சவன். நீங்க வச்சவன் நெத்தியில குத்தினான்."

"கேட்டிருக்கலாமே."

"என்னன்னு கேக்குறது? ஒரு அட்டைய எடுத்தீங்களான்னா? கேக்குற எனக்கே கூச்சமா இருந்துச்சு. அதான் கடைக்கு வந்து சொல்லிப் பாத்தேன், வெயில்ல மங்கிட்டான்னு. நீங்க வெயில் அப்படின்னீங்க." விலா வலித்ததால் அவர் நிறுத்தி மூச்சு வாங்கினார். "அதுக்கு மேல என்ன சொல்ல. மூத்த மாப்பிள்ளை ஆச்சே."

"நான் கேட்டிருந்தா குடுத்திருப்பீங்களா?"

"தொப்பியையே குடுத்திருப்பேன்."

கண்ணாடிக்காரரின் முகத்தில் மிச்சமிருந்த இடமெல்லாம் அப்போது மின்னியது. நெற்றி, மூக்கு, இமைகள். பக்கத்துக் கட்டில் நோயாளி வெளிச்சம் தாங்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். கார்டைச் சகலையின் கையில் வைத்தார். இருவரும் காத்திருந்தார்கள். எதற்குக் காத்திருக்கிறோம் என்று பேசிக்கொள்ளவில்லை. நர்ஸ் மாத்திரைத் தட்டோடு வந்தார். கட்டிலைப் பார்த்தார், போர்வைமேல் மின்னிக்கொண்டிருந்த கார்டைப் பார்த்தார், "இந்த பேஷண்ட் எங்க போயிட்டாரு?" என்று மின்னுகிறவரிடம் கேட்டார். கார்டு மின்னியது. ஆள் மின்னவில்லை.

"சரி, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் போலீஸ்காரர், நர்ஸ் போனபிறகு. "உங்க செட்டாவது முழுசா இருக்கட்டும்."

கண்ணாடிக்காரர் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். இழுப்பறை, ஆல்பம், இல்லாத பையன், ஞாயிற்றுக்கிழமை, தொப்பி. அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முடிந்ததும் மடித்த துணியை ஓரமாக வைத்தாள்.

"நகை நட்டுன்னாகூட நாலு பேர்கிட்ட சொல்லிக்கலாம். புருஷன் பேராசைக்காரன்னு சொல்லிக்கலாம். அட்டைன்னு எப்படிச் சொல்லுவேன்? என் தங்கச்சி மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

அவர் சட்டைக் கையை ஏற்றிப் பார்த்தார். சொன்னால் மினுப்பு குறையும் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தார். குறையவில்லை. அடுத்த நாள் அவளே தங்கையிடம் போய்ச் சொன்னாள். இளையவள் கேட்டுவிட்டு உள்ளே போனதாகவும், உள்ளேயிருந்து பாத்திரம் கழுவும் சத்தம் நெடுநேரம் கேட்டதாகவும் மூத்தவள் வந்து சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு நின்றது.

டிசம்பரில் எலும்பு கூடியதும் போலீஸ்காரரை அதே சந்திப்புக்கே போட்டார்கள். மாற்றல் மனுவை ஒவ்வொரு முறையும் அவர் நேரில் கொடுத்தார். ஒவ்வொரு முறையும் அது தானாக மேசைக்கு வந்த காகிதம் என்று ஒதுக்கப்பட்டது. வேலையை விடலாம் என்றால் அவருக்கு வேறு வேலை தெரியாது, தெரிந்தாலும் நேர்முகத் தேர்வில் யார் பார்ப்பார்கள். முதல் நாள் மாலை அவர் மேலங்கியை மாட்டிக்கொண்டு சந்திப்பின் நடுவில் போய் நின்றதைக் கண்ணாடிக்காரர் கடை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்றார். சாப்பாட்டு டப்பாவை எடுத்துப்போக வந்திருந்த மனைவியும் பார்த்தாள். ஒரு லாரி அவருக்கு ஒரு முழ இடைவெளியில் கடந்து போயிற்று.

"நீங்கதான் இவ்வளவு மின்னுறீங்களே" என்றாள். கோபத்தில்தான் சொன்னாள். "இங்க நின்னு யாருக்குக் காட்டுறீங்க? போய் அங்க நில்லுங்க."

அவர் போனார். மேலே போட்டிருந்த முழுக்கைச் சட்டையை நடைபாதையிலேயே கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, உள்பனியனோடு சாலையின் நடுவுக்கு நடந்தார். சங்கத் தலைவரை ஊர் அப்படிப் பார்த்ததில்லை. நான்கு பக்கமிருந்தும் வந்த விளக்குகள் அவர்மேல் பட்டு உடைந்து பச்சையாகவும் ஊதாவாகவும் சிதறின. எல்லா வண்டிகளும் பிரேக் போட்டன. போட்டபிறகு அந்த வெளிச்சத்தில் பக்கத்தில் ஒருவர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நில்லுங்க சகலை" என்றார் போலீஸ்காரர். "லாரிக்காரனுக்குக் கண்ணு கூசுது."

அடுத்த நாளும் போனார். பேக்கரிக்காரர் கார் கண்ணாடியை இறக்கி, "என்ன சார், சமூக சேவையா?" என்று கேட்டார். "இல்லீங்க. சகலையோட கார்டத் திருடிட்டேன்" என்றார் இவர். பேக்கரிக்காரர் பணிவை மெச்சிக்கொண்டே போனார். அதே பதிலைக் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னார். என்ன கார்டு, எவ்வளவு பெரியது, எதற்கு என்று கேட்டவர்களுக்கு அதையும் சொன்னார். தை மாதத்துக்குள் ஊர் நம்பிவிட்டது. திறப்பு விழாக்கள் நின்றன. சங்கத்தில் வேறொருவர் தலைவரானார். கார்டுக் கடை அம்மாளிடம் போய்த் தனக்குப் பையனே இல்லை என்று சொன்னபோது அவர், "தெரியும் சார். இந்த வருஷம் பரீட்சை எழுதுறானே, எப்படிச் சமாளிப்பீங்கன்னுதான் கவலையா இருந்துச்சு" என்றார்.

மினுப்பு குறையவில்லை, கூடவும் இல்லை. போலீஸ்காரரும் மங்கியபடியே இருக்கிறார். தினமும் ஐந்தரை மணிக்குக் கடையை மூடிவிட்டு இவர் அங்கே போய்விடுகிறார். இருவரும் முதுகோடு முதுகாக நிற்கிறார்கள். இளையவள் இன்னும் இவரோடு பேசுவதில்லை. ஆனால் ஏழு மணிக்குக் கொடுத்தனுப்பும் டீ இப்போது இரண்டு டம்ளராக வருகிறது. இவருக்கு வருவதில் சர்க்கரை இருப்பதில்லை, அது மறதியா என்று இவர் கேட்டதில்லை. போக்குவரத்து அலுவலகம் முதலில் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது, பிறகு ஞாயிறு தவிர மற்ற நாட்களில் நிற்க அனுமதி கொடுத்தது. ஒரு வருடம் கழித்து ஜூன் மாதம் அந்தச் சந்திப்பில் சிக்னல் விளக்கு வைப்பதற்காக ஆட்கள் வந்து அளந்தார்கள். இரண்டு பேர் போதுமான அளவு வேலை செய்வதாக அறிக்கை போனதால், கம்பத்தை வேறொரு சந்திப்பில் நட்டார்கள்.